பட்டியலில் இல்லாத முதலாமவர்

குத்துச்சண்டையில் 175 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 79 கிலோ வரை எடையுள்ளவர்கள் மோதும் பிரிவுக்கு லைட் ஹெவிவெயிட் என்று பெயர். இந்தப் பிரிவில் உலகம் கண்ட மிகச் சிறந்த வீரர் யார் என்று குத்துச்சண்டை வரலாறு எழுதுகிறவர்களைக் கேட்டால் பல பெயர்கள் சொல்வார்கள். ஆனால் எஸ்ஸார்ட் சார்லஸ், ஆர்ச்சி மூர் என்ற இரண்டு பெயர்கள் இல்லாத பட்டியல் இருக்காது. இருவரும் அமெரிக்கக் கறுப்பர்கள், ஒரே காலத்து ஆட்கள். மூர் 1952 டிசம்பரிலிருந்து 1962 வரை உலகச் சாம்பியன். சார்லஸ் அந்தப் பிரிவில் ஒருநாள்கூடச் சாம்பியனாக இருந்ததில்லை.

இருவரும் தங்களுக்குள் மூன்று முறை மோதினார்கள். மூன்று முறையும் ஜெயித்தவர் சார்லஸ்.

சென்ற மாதம் ரெட்டியார்சத்திரம் பக்கம் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் ‘சார்பட்டா பரம்பரை’ போட்டோம். படம் முடிந்ததும் பேச்சு சண்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “அக்கா, எங்க சாரு சொல்றாரு, நல்லாப் படிச்சா யாரு வேணாலும் கலெக்டர் ஆகலாமாம். நம்ம ஆளுகள்லயே கலெக்டர் இருக்காகல்ல, அப்புறம் எதுக்கு கோட்டாங்குறாரு. அவருக்கு என்னக்கா பதில் சொல்றது?” அன்றைக்குச் சட்டம், அரசமைப்பு, 16(4) என்று பேசினேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஆனால் அந்த ‘சாரு’க்கு மூர், சார்லஸ் கதையைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்து ‘தகுதி’ என்ற சொல்லின் வண்டவாளத்தை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் வேறு கதை கிடையாது. குத்துச்சண்டையில் மார்க் ஷீட், இன்டர்வியூ, பரிந்துரைக் கடிதம் எதுவும் இல்லை. இரண்டு பேர், ஒரு வளையம். யார் பலசாலி என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்திலேயே இது நடந்தது.

முதலில் சண்டைகளைச் சொல்கிறேன். 1946 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் பத்து ரவுண்டு. சார்லஸுக்குப் புள்ளிகளில் வெற்றி. 1947 மே மாதம் சின்சினாட்டியில் மறுபடியும் பத்து ரவுண்டு. இது நெருக்கமான சண்டை, ஆனாலும் தீர்ப்பு சார்லஸுக்கே. 1948 ஜனவரியில் கிளீவ்லாந்தில் எட்டாவது ரவுண்டில் மூரை நாக் அவுட் செய்தார். மூர் சாதாரண ஆள் இல்லை. வாழ்நாளில் 130 பேருக்கு மேல் நாக் அவுட் செய்தவர். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

மூரை மட்டுமல்ல. 1941-ல் ஆந்தன் கிறிஸ்டோஃபோரிடிஸ், அதே ஆண்டில் கஸ் லெஸ்னெவிச், 1948-ல் ஃப்ரெடி மில்ஸ், 1950-ல் ஜோயி மாக்சிம், 1952-ல் மூர் என்று இந்தப் பட்டத்தை அடுத்தடுத்து வென்றவர்கள் ஐந்து பேர். இவர்களில் மில்ஸைத் தவிர மற்ற நான்கு பேரையும் சார்லஸ் அடித்திருக்கிறார். கிறிஸ்டோஃபோரிடிஸை 1942-ல் வீழ்த்தியபோது அவருக்கு வயது 20. மாக்சிமோடு ஐந்து முறை மோதி ஐந்து முறையும் வென்றார். அதில் ஒரு சண்டை 1951 மே மாதம் நடந்தது. அப்போது மாக்சிம்தான் லைட் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன். ஆனால் அந்தச் சண்டை அந்தப் பட்டத்துக்காக நடந்ததல்ல. சாம்பியனை அடித்தாலும் சாம்பியன் ஆக முடியாத ஒரு நிலையை யோசித்துப் பாருங்கள்.

காரணம் எளிது. அன்றைய குத்துச்சண்டையில் பட்டத்தை வைத்திருந்தவரும் அவருடைய மேனேஜரும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்துதான் பெரும்பாலும் யாரோடு மோதுவது என்று முடிவு செய்தார்கள். முதல் இடத்தில் இருக்கும் போட்டியாளர் காத்திருக்கலாம், கெஞ்சலாம், பத்திரிகையில் கத்தலாம். சவாலை ஏற்கவைப்பது அன்றைக்கு அவர் கையில் இல்லை. வளையத்துக்குள் விதிகள் இருந்தன. வளையத்துக்குள் யாரை ஏற்றுவது என்பதற்கு உறுதியான விதி இருக்கவில்லை. அதை முடிவு செய்தவர்கள் ஒரு சிறு கூட்டம். 1935-ல் ஜான் ஹென்றி லூயிஸ் இந்தப் பிரிவின் முதல் ஆப்பிரிக்க அமெரிக்கச் சாம்பியன் ஆனார். கண் கோளாறால் 1939-ல் அவர் விலகிய பிறகு மூர் வரும்வரை 13 ஆண்டுகள் பட்டம் வெள்ளையர்களின் கையிலேயே சுற்றியது. நடுவில் சில ஆண்டுகள் போர். லெஸ்னெவிச் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் இருந்தார், பட்டம் முடங்கிக் கிடந்தது. அதைக் கணக்கில் கழித்துவிடுவோம். போர் முடிந்த பிறகு?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போருக்குப் பிறகு லெஸ்னெவிச் கறுப்பர்களோடு பட்டத்துக்காக மோதவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மோதினார். 1947-லும் 1948-லும் இரண்டு முறை, பில்லி ஃபாக்ஸ் என்ற கறுப்பின இளைஞரோடு. இந்த ஃபாக்ஸ் யார்? பிளிங்கி பலெர்மோ என்ற சூதாட்டக் கும்பல் ஆளின் கையிலிருந்த வீரர். அவருடைய வெற்றிகளில் எத்தனை உண்மை, எத்தனை ஏற்பாடு என்று அன்றைக்கே பேச்சு இருந்தது. 1947 நவம்பரில் ஜேக் லாமோட்டா அவரிடம் தோற்றார். அது வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்த சண்டை என்று 1960-ல் அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் லாமோட்டாவே ஒப்புக்கொண்டார். ஆக, கறுப்பருக்கு வாய்ப்பு கொடுத்தார்கள். எந்தக் கறுப்பருக்கு என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். ஜெயிக்கக்கூடிய சார்லஸும் மூரும் வெளியே நிற்க, ஃபாக்ஸ் உள்ளே போனார். சாம்பியன் நிறவெறியர் இல்லை என்று காட்டிக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் பக்கத்து மாவட்டம்தான் நினைவுக்கு வருகிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிறகு பத்தாண்டுகள் அங்கே என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப் படிக்க வேண்டும். வேட்புமனு போட ஆள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அரசு நெருக்கியபோது அவர்களே ஒரு ஆளைப் பிடித்து நிறுத்தி, ஜெயிக்கவைத்து, கையோடு ராஜினாமா கடிதமும் வாங்கினார்கள். 2006-ல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ‘நாங்க என்ன தலித் நிக்கக்கூடாதுன்னா சொன்னோம்? நின்னாரே, ஜெயிச்சாரே’ என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னால் அது பொய்யில்லை. பில்லி ஃபாக்ஸும் நின்றாரே!

இனி மூருக்கு வருகிறேன். அவர் கதையைக் கேட்டால் யாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். மிசிசிப்பியில் பிறந்து செயின்ட் லூயிஸ் நகரில் அத்தை மாமா வீட்டில் வளர்ந்தவர். பையனாக இருந்தபோது டிராம் வண்டியில் சில்லறை திருடிச் சீர்திருத்தப் பள்ளியில் 22 மாதம் இருந்தார். குத்துச்சண்டையை ஒழுங்காகப் பழகியது அங்கேதான். 1930-களின் நடுவில் தொழில்முறைக்கு வந்தார். 1940-ல் சண்டை தேடி ஆஸ்திரேலியா வரைக்கும் போனார். 1941-ல் வயிற்றுப் புண்ணுக்கு அறுவை சிகிச்சை. ஆள் பிழைப்பாரா என்று இருந்தது. திரும்பி வந்தார். முன்னணிப் போட்டியாளராக இருந்த ஆண்டுகளில் சார்லஸ் செய்யாத ஒரு வேலையை மூர் செய்தார். நாடெங்கும் உள்ள விளையாட்டுப் பத்திரிகையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றிரண்டல்ல, விடாமல் எழுதினார். தனக்கு வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்பதை ஊரறிந்த செய்தியாக்கினார். மனு போடுவதும், அதை ஊருக்குத் தெரியவைப்பதும் எப்படி என்று கற்றுக்கொள்ள நினைக்கும் தோழர்கள் மூரிடம் கற்றுக்கொள்ளலாம்.

கடைசியில் 1952 டிசம்பர் 17, செயின்ட் லூயிஸில் மாக்சிமோடு பட்டச் சண்டை. மூருக்கு அவர் கணக்கில் வயது 36. அவருடைய அம்மாவின் கணக்கில் நாலு நாளைக்கு முன்புதான் 39 முடிந்திருந்தது. (இந்த விஷயத்தில் நான் அம்மா பக்கம்.) மாக்சிமுக்கு என்ன ஆனாலும் 1,00,000 டாலர் உத்தரவாதம். மூரின் கைக்கு வந்தது 800 டாலர். சண்டைக்கு ஒப்புக்கொண்டதற்கு விலையாக, மாக்சிமின் மேனேஜரான டாக் கியர்ன்ஸ் மூரின் வருமானத்திலும் பங்கு வாங்கிக்கொண்டார். பட்டம் கைமாறியது, கியர்ன்ஸும் பட்டத்தோடு மூரிடம் வந்து சேர்ந்தார். தோற்றவரும் அவர் ஆள், ஜெயித்தவரும் அவர் ஆள்.

மூரின் விடாமுயற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 800 டாலரையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதுதான் என் வழக்கு. அவர் கதவைத் தள்ளித் திறந்தார் என்று எழுதுகிறார்கள். காவலாளி டிக்கெட்டுக்கு விலை வைத்து விற்றான் என்பதே சரி.

சார்லஸ் அதற்குள் வேறு வழியில் போயிருந்தார். 1948 பிப்ரவரியில் சிகாகோவில் சாம் பரூடி என்ற 20 வயதுப் பையனை நாக் அவுட் செய்தார். அந்தப் பையன் இறந்துவிட்டான். குத்துச்சண்டையையே விட்டுவிட சார்லஸ் நினைத்தார். விடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எதிராளியை முடித்துவிடும் அந்தக் கொடூரம் அவரிடம் குறைந்துவிட்டது என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தன் எடைப் பிரிவில் கதவு திறக்காததால் தன்னைவிட எடை கூடியவர்களின் ஹெவிவெயிட் பிரிவுக்கு ஏறினார். 1949 ஜூனில் ஜெர்சி ஜோ வால்காட்டை வென்று அங்கே சாம்பியன் ஆனார். 1950 செப்டம்பரில் நியூயார்க்கில் ஜோ லூயிஸை வென்றார். லூயிஸ் அவரைவிட ஏறக்குறைய 15 கிலோ கூடுதல்.

ஆனால் ஜனங்கள் கொண்டாடவில்லை. ஜோ லூயிஸ் கறுப்பின மக்களின் கண்கண்ட தெய்வம். சார்லஸுக்கே அவர்தான் ஆதர்சம். அவரை அடித்தவனை யார் நேசிப்பார்கள்? வெள்ளையர்களுக்கோ அவர் ‘போதுமான அளவு கவர்ச்சியில்லாத’ சாம்பியன். அதிகம் பேசமாட்டார், டபுள் பேஸ் வாசிப்பார், ஜாஸ் கேட்பார். 1951-ல் பட்டம் போனது. 1954 ஜூனில் ராக்கி மார்சியானோவோடு 15 ரவுண்டு முழுக்க நின்று தோற்றார். மார்சியானோவோடு 15 ரவுண்டு நின்ற ஒரே ஆள் அவர்தான். பணத் தேவைக்காக 1959 வரை தோற்றுத் தோற்று ஆடினார். பிறகு நரம்பும் தசையும் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோய் வந்து சக்கர நாற்காலி. 1968-ல் சிகாகோவில் அவருக்காக நிதி திரட்டினார்கள். 1975 மே மாதம் இறந்தார், வயது 53.

மூரின் பிற்காலம் இதற்கு நேரெதிர். 1955-ல் மார்சியானோவை ஒரு முறை கீழே விழவைத்துவிட்டுத்தான் தோற்றார். 1958 டிசம்பரில் மாண்ட்ரியலில் இவோன் டுரெலோடு மோதியபோது முதல் ரவுண்டிலேயே மூன்று முறை விழுந்தார், ஐந்தாவதில் மறுபடியும் விழுந்தார், பதினொன்றாவதில் எதிராளியை முடித்தார். 40 வயதைத் தாண்டிய மனிதர்! ‘ஹக்கிள்பெரி ஃபின்’ படத்தில் நடித்தார். ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிவந்த 18 வயது காசியஸ் கிளேயை, அதாவது பின்னாளைய முகமது அலியை, முதலில் பயிற்சிக்கு அனுப்பியது மூரின் முகாமுக்குத்தான். கூட்டிப்பெருக்கு, பாத்திரம் கழுவு என்றதும் கிளே கிளம்பிவிட்டார். 1962-ல் அதே கிளேயிடம் நாலாவது ரவுண்டில் மூர் தோற்றார். (1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் காட்சிப் போட்டி ஆடிய அதே அலி. வடசென்னைப் பரம்பரைக்காரர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள்.) மூர் 1998 வரை வாழ்ந்தார், ஜார்ஜ் ஃபோர்மேனுக்குப் பயிற்சி கொடுத்தார், கலிஃபோர்னியாவில் ஏழைப் பையன்களுக்காக ஓர் அமைப்பை நடத்தினார்.

அந்த அமைப்பின் பெயர் ‘எனி பாய் கேன்’. எந்தப் பையனாலும் முடியும்.

களப்பணியில் இருப்பவளாக அந்த வேலையை நான் மதிக்கிறேன். வட்டார அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் காலனிக்கும் நடந்து நடந்து பத்துப் பையன்களைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனிடம் ‘உன்னால் முடியும்’ என்றுதான் நானும் சொல்கிறேன். வேறென்ன சொல்வது? ஆனால் அதே வாக்கியத்தை ஊருக்கு முன்னால் மைக்கில் சொல்லும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. 1967-ல் டெட்ராய்ட் எரிந்த அந்தக் கோடையில் மூர் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். கலவரத்தைக் கண்டித்தார். உழைத்தால் இந்த நாட்டில் யாரும் மேலே வரலாம், தானே அதற்குச் சாட்சி என்ற தொனியில் எழுதினார். அந்தக் கட்டுரை நாடெங்கும் மறுபிரசுரமானது. கறுப்பர்களின் போராட்டத்தைப் பிடிக்காதவர்களுக்கு அதைவிட நல்ல பரிசு வேறு கிடைத்திருக்காது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கதவுக்கு வெளியே நின்றவரே ‘கதவு திறந்துதான் இருக்கிறது’ என்று சொன்னால் அவர்கள் ஏன் கேட்கமாட்டார்கள்?

என்னைக் கேட்டால் இந்த ஒரு விஷயத்தில் மூர் தன் வாழ்க்கையையே தப்பாகப் படித்துவிட்டார். அவர் வந்ததற்குக் காரணம் அவர் திறமை என்றால், அவரை மூன்று முறை அடித்த சார்லஸ் ஏன் வரவில்லை? உழைப்பு என்றால், சார்லஸ் உழைக்கவில்லையா? மூருக்கு உடல் ஒத்துழைத்தது, 39 வயதுவரை தாங்கியது, கடிதம் எழுதும் நாக்கு இருந்தது, பங்கு கேட்டு வந்த ஒரு மேனேஜர் கிடைத்தார். இத்தனையும் ஒரே ஆளுக்கு ஒத்துவந்ததால் ஒரு கறுப்பர் வந்தார். மேலே வந்த ஒருவரை வைத்து வழியை அளக்கக்கூடாது. வராமல் போனவர்களை வைத்து அளக்க வேண்டும். சமூகவியல் வகுப்பில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். படிப்பகத்துப் பையனுக்குச் சொல்ல இவ்வளவு போதும்.

இந்தியாவிலும் இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. பல்வங்கர் பாலூ, சமார் சாதியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். புனேயில் அவர் பந்துவீச்சு தேவைப்பட்டது. மைதானத்தில் ஒன்றாக ஆடினார்கள், தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில். நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையின் கிரிக்கெட் பதிப்பு. 1911-ல் இங்கிலாந்துக்குப் போய் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்துவந்தார். ஆனால் இந்து அணியின் கேப்டன் பதவியை அவருக்குக் கொடுக்கவில்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. விக்கெட் எண்ணிக்கையில் யாரும் ஏமாற்ற முடியாது. கேப்டன் யார் என்பது கமிட்டி முடிவு. சார்லஸுக்கு நடந்தது இதேதான்.

ஆகவே யார் பெரியவர் என்ற கேள்விக்கு என் பதில்: வீரராக சார்லஸ், சந்தேகமில்லை. ஆசிரியராக, விடாமல் தன் உரிமையைக் கேட்ட மனிதராக மூர். ஆனால் ஒரு கூட்டத்தில் யாராவது எழுந்து ‘திறமை இருந்தா தானா வருவாங்க’ என்று சொன்னால், நான் கையில் எடுப்பது சார்லஸின் பெயர் இல்லாத அந்தச் சாம்பியன் பட்டியலைத்தான்.

சின்சினாட்டியில் சார்லஸ் பெயரில் இப்போது ஒரு சாலை இருக்கிறது, சிலையும் வைத்துவிட்டார்கள். சார்லி பர்லிக்கு அதுவும் அமையவில்லை. 1944-ல் மூரை அடித்துத் தோற்கடித்தவர் அவர். தான் மோதிய ஆட்களிலேயே சிறந்தவர் பர்லிதான் என்று மூரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எந்தப் பிரிவிலும் ஒரு உலகப் பட்டச் சண்டை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. பிட்ஸ்பர்க் நகராட்சியில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார்.